தொட்டி வாயில் நிற்பவள்

போர்க்கப்பல் பழுதுபார்க்கிற வேலைக்குப் போனால் கடல் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அதிகம் பார்த்தது இரும்புச் சுவரையும், எனக்கு முன்னால் ஏணி ஏறுகிறவரின் சப்பாத்தையும்தான்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு "எந்த யூனி?" என்று கேட்கப்பட்டுப் பல்லைக் கடித்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு யூனியில், அதாவது பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்தது. போகவில்லை. சிட்னித் துறைமுகத்தில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தேன். அப்பா நிபந்தனை போட்டார்: சோதனைக் காலம் முடிந்து பட்டறை வைத்துக்கொண்டால் சரி, அனுப்பிவிட்டால் மறுபேச்சில்லாமல் யூனி. அதுவரை அந்த இடத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பாராம்.

எல்லாம் செய்கிற கப்பல்

நான் சேர்ந்த புதிதில் ஃபிரிகேட் என்கிற வகை வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று பழுதுக்கு வந்தது. இரண்டு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வரைந்த வகை. நீர்மூழ்கியைத் தேடும், விமானத்தை விழுத்தும், எதிரிக் கப்பலையும் அடிக்கும். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது ரஞ்சி அன்ரிக்கு இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவவின் மகன் மருத்துவம் படிக்கிறான். அதைக் கோயிலில் தெரியாத ஆள் சாமி மட்டும்தான்.

"அங்க உனக்கு என்ன வேலை?" என்றா.

"இப்ப கிறீஸ் துடைக்கிறன், அன்ரி."

அன்ரி என் நகங்களைப் பார்த்தா. பிறகு சாம்பார் வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னா: "அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஒரு டொக்டரும் வேணும்தானே, பிள்ளை. படிச்சுப்போட்டு ஏறலாமே."

பொருந்தாத வால்வு

எனக்கு வேலை பழக்குகிறவர் மிக். அதிகம் பேசமாட்டார், பேசினால் திட்டுதான். அந்தக் கப்பலில் தீயணைப்புக் குழாய்க்கு ஒரு வால்வு மாற்ற வேண்டியிருந்தது. பெட்டியில் கப்பல் வகையின் பெயர் சரியாக இருந்தது. இருவரும் கயிறு கட்டி, ஏணி ஏணியாக இறக்கினோம். கீழே வைத்துப் பார்த்தால் ஒரு போல்ட் துளைகூட நேராக வரவில்லை. மிக் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

கப்பலின் மெக்கானிக் ஒருவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். அந்த வால்வு, சேர்ந்து வரைந்த இரண்டில் மற்ற நாட்டுக்காரர் கட்டிய கப்பலுக்கானதாம். ஒரே வகை, ஒரே பெயர், ஆனால் உள்ளே ஆளுக்கொரு பிடிவாதம். எங்கள் வீட்டுக் கலியாணப் பேச்சே பரவாயில்லை என்று நினைத்தேன். வால்வைத் திரும்ப மேலே ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டு அவன் சொன்னான்: "சேர்ந்து வரைந்தோம், உண்மை. சேர்ந்து கட்டினோம் என்று உனக்கு யார் சொன்னது?"

நகரமாட்டேன்

கப்பலின் அடியில் காற்றோட்டமே இல்லாத தொட்டிகள் இருக்கும். ஒருவர் உள்ளே இறங்கினால், பயிற்சி பெற்ற இன்னொருவர் தொட்டியின் வாயில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் உள்ளே போகவும் கூடாது, விலகவும் கூடாது. ஏதாவது ஆனால் உதவிக்கு ஆள் கூப்பிட அவர் ஒருவர்தான். அன்று மிக் உள்ளே, அந்தப் பயிற்சி முடித்த நான் வாயில்.

வேலைத் திட்டம் போடுகிற செந்தில் அண்ணா ஓடி வந்தார். சென்னைக்காரர், நல்ல மனுஷர். மறுநாள் கப்பல் புறப்பட வேண்டும் என்பதால் நாலு பக்கமும் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, சீஃப் இன்ஜினீயர் மேல நிக்கிறாரு. ஓடிப்போய்க் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் நான் இங்க பாத்துக்கறேன்."

"ஏலாது அண்ணா. இந்தப் பயிற்சி நீங்க எடுக்கேல்ல. மிக் வெளியில வரட்டும்."

"ரெண்டு நிமிஷம்மா. அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது?"

"அது எனக்கும் தெரியாது. அதான் நிக்கிறன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் நகரவில்லை. உள்ளேயிருந்து மிக், நலம்தான் என்று குழாயில் தட்டினார். நானும் பதிலுக்குத் தட்டினேன். ஏணியில் கால் வைத்தபடி செந்தில் அண்ணா திரும்பிப் பார்த்தார்: "அடுத்த வாரம் உன்ன வச்சுக்கறதா வேணாமான்னு கேப்பாங்க. என்கிட்டயும் கேப்பாங்க, ஞாபகம் வச்சுக்கோ."

கேட்டார்கள்

செந்தில் அண்ணாவிடமும் கேட்டார்கள். சொன்ன சொல் கேட்கமாட்டாள், பெரியவர்களுக்கு மரியாதை தெரியாது என்று அவர் சொன்னதை மேலாளர் என் முன்னாலேயே சொன்னார். மன்னிப்புக் கேட்கிறாயா என்றார். அவர் மனம் நொந்ததற்குக் கேட்கலாம், நின்றதற்குக் கேட்கமாட்டேன் என்றேன். அடுத்த நிமிடம் வேலை போய்விடும் என்று நினைத்தேன். மேலாளர் மிக்கைப் பார்த்தார். மிக் காதைச் சொறிந்தார்: "மரியாதை தெரியாதுதான். நான் அடுத்த முறை உள்ளே இறங்கும்போதும் இவள்தான் வாயில் நிற்க வேண்டும்."

ஹோம்புஷில் ரயிலிறங்கி வீட்டுக்குப் போய், பட்டறை என்னை வைத்துக்கொண்டது உட்பட நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா கதிரையில் இருந்தபடி கேட்டார். வாதாடத் தயாராக நின்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அந்த மனுஷன் பத்திரமாக வெளியில் வந்தவரோ என்று. ஓம் என்றேன். அவர் போனை எடுத்தார்: "அப்ப யூனிக்கு நான் சொல்லி விடுறன், அந்த இடம் வேற ஆருக்காவது போகட்டும்."

ஆகவே இப்போது எனக்குச் சம்பளம் ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்பதற்கு; இதைவிட உருப்படியான வேலை தெரிந்தவர்கள் என்னிடமல்ல, தொட்டிக்குள் இருப்பவரிடம் வந்து சொல்லட்டும்.