எடை கூடிய மூட்டை

சான் ஜிமிஞ்ஞானோவின் குங்குமப்பூ வணிகர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தபின் தத்தம் விரல்களை முகர்ந்து பார்ப்பார்கள். பூவில் எண்ணெயோ தேனோ தடவினால் எடை கூடும். தடவியவனின் கையிலும் அந்த மணம் தங்கிவிடும். எங்கள் ஊரில் இதை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

பிந்தோ எங்கள் ஊரில் வளர்ந்தவன். பெற்றோரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அவனைத் தாய்மாமன் ஃபேயோ தம் வீட்டுக்கு அழைத்துவந்தார். ஃபேயோவுக்குப் பிள்ளைகள் இல்லை. பூட்டுகள் ஏராளமாக இருந்தன. பூவிலிருந்து சிவந்த இழைகளைக் கிள்ளவும், தணலின்மேல் சல்லடையில் பரப்பி அவற்றை உலர்த்தவும், கலப்படத்துக்காகச் சாயமேற்றிய இறைச்சி நாரைப் பூவிழையிலிருந்து பிரித்தறியவும் பிந்தோ அங்கே கற்றான். வளர்ந்தபின் குடியானவர் வீடுகளுக்குச் சென்று பூவைக் கொள்முதல் செய்தான். அவன் சென்ற வீடுகளுக்கெல்லாம் ஃபேயோ மறுநாள் சென்று விலையை விசாரித்து வந்தார்.

"நம்பாம இல்லடா. சும்மா கேட்டு வச்சுக்கிட்டேன்."

"நீங்க கேட்டுட்டுப் போனப்புறம் நானும் போய்க் கேட்டேன் மாமா. உங்ககிட்ட நெசத்தத்தான் சொன்னாங்களான்னு."

இந்தப் பதில் ஃபேயோவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த ஆண்டின் அறுவடை முடிந்ததும் அவர் சொன்னார்: "இந்த மூட்டையப் பீசா பட்டணத்துல சேத்துட்டு நல்ல பேரோட வா. உன்னக் கடையில கூட்டாளியா சேத்துக்கறேன்."

பிந்தோ வாழ்வில் விரும்பியது அந்த ஒன்றைத்தான்.

பூ நகரத் தராசில் நிறுக்கப்பட்டது. ஃபேயோ அதைத் தோல் பையில் கட்டியதும் முத்திரை இடப்பட்டது. ஃபேயோ எப்போதும் கோவேறு கழுதையில் மலைவழியாகவே போவார். பிந்தோவோ வழிப்பறிக்கு அஞ்சி, எம்போலியில் படகேறி ஆர்னோ ஆற்றோடு சென்றான். வழியெல்லாம் மூடுபனி. மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். படகோட்டி நீட்டிய கஷ்கொட்டை ரொட்டியையும், மயக்கமருந்து கலந்திருக்குமோ என்று ஐயுற்று மறுத்துவிட்டான்.

பீசாவில் மூட்டையை வாங்கவிருந்த காம்பியோ அதைத் தம் தராசில் ஏற்றினார். நகரத் தராசு காட்டியதைவிட எடை கூடியிருந்தது.

"கொறஞ்சிருந்தா திருடன்னு ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன். கூடியிருக்கே தம்பி! வழியில மூட்டை ஏதாச்சும் சாப்பிட்டுச்சா?"

கலப்படம் என்று உறுதியானால் மூட்டை சதுக்கத்தில் எரிக்கப்படும். அதைக் கொண்டுவந்தவன் அதன்பின் வணிகமே செய்ய இயலாது. காம்பியோ ஃபேயோவுக்கு ஆளனுப்பினார். காத்திருந்த நாள்களில் பிந்தோ உறங்கவில்லை. முத்திரை உடையவில்லை. ஆகவே, நடந்தது நிறுத்தபின், முத்திரையிடுமுன் நடந்திருக்க வேண்டும். மூட்டையைக் கட்டியவர் மாமா. கட்டும் நேரத்தில் கயிறு எடுத்துவரும்படி தன்னை வெளியே அனுப்பியது ஏன்?

ஃபேயோ வந்து இறங்கியதும் மருமகனின் கையைப் பற்றி முகர்ந்தார்.

"என்னத்தடா தடவின?"

"கட்டினது நீங்க. நீங்க என்ன தடவுனீங்க?"

"நம்ம ஊரு புனித ஃபீனா மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல!"

"ரெண்டு பேரும் சேந்தே தடவுனீங்களோ என்னமோ," என்றார் காம்பியோ.

மூட்டையைத் திறந்தார்கள். பிந்தோ ஓர் இழையை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தான். நொறுங்க வேண்டிய இழை துவண்டது. ஆனால் விரலில் பிசுக்கு ஒட்டவில்லை. ஆற்றின் மூடுபனி அவன் நினைவுக்கு வந்தது.

"ஐயா, இது ஆத்துப் பனியோட ஈரந்தான். கொஞ்சம் தணல் கொடுங்க. உங்க கண்ணு முன்னாடியே காய வைக்கறேன்."

தணலின் ஒருபுறம் ஃபேயோவும் மறுபுறம் காம்பியோவும் அமர்ந்து, பூவைவிட மற்றவர் கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழைகள் நொறுங்கும் பதத்தை அடைந்ததும் மீண்டும் நிறுத்தார்கள். சான் ஜிமிஞ்ஞானோவில் இருந்த எடையே இருந்தது. காம்பியோ வாய்விட்டுச் சிரித்தார்.

ஃபேயோ சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்ப ஈரக்காத்துல வச்சாலே எடை கூடிடும். எண்ணெயும் வேணாம், தேனும் வேணாம். கையும் மணக்காது. அப்படித்தான?"

"அதத்தான் மாமா நானும் சொன்னேன்."

"இப்ப உனக்கு அது தெரிஞ்சு போச்சு."

"உங்களுக்குந்தான் தெரியும்."

"என் கடையில நான் ஒருத்தன் தெரிஞ்சு வச்சிருந்தாப் போதும்டா."

கூட்டாளி என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. ஃபேயோ கழுதையைத் தட்டிவிட்டுத் தனியே ஊர் திரும்பினார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த காம்பியோ பிந்தோவின் தோளைத் தட்டினார். "உன்ன மாதிரி ஆளுதாம்ப்பா எனக்கு வேணும். உள்ள வா."

பிந்தோ பீசாவிலேயே தங்கிவிட்டான். காம்பியோவின் கடைக்கு வந்த மூட்டைகளையெல்லாம் தணலில் காயவைத்த பின்னரே நிறுத்தான். அதனால் வணிகர் பலரின் வெறுப்பையும் பெரும் செல்வத்தையும் ஒருங்கே ஈட்டினான். ஃபேயோ அந்த ஆண்டோடு பீசாவுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஜெனோவாவுக்கு அனுப்பத் தொடங்கினார். காரணம் கேட்டவர்களிடம், அங்கே நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்றார். ஜெனோவாவுக்குச் சரக்கு கடல்வழியாக, ஈரக்காற்றில்தான் போகும் என்பதைப் பிந்தோ எவரிடமும் சொல்லவில்லை.