சோலாக்கின் முடிவைச் சொன்ன பஸ் டிரைவர்

பெல்ஜியத்தின் நாமூர் நகரத்தில் முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒமேர் வார்நோத். அதிகம் பேசாத மனிதர். சந்தைக்குப் போனாலும் மனைவி ஜோசியான்தான் விலை கேட்பாள், அவர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பீர்க்கடையின் மாடியில் சோலாக் ரசிகர் வட்டம் கூடும்போது மட்டும் ஒமேர் வேறு ஆள். வெளியூரிலிருந்து யாராவது புதிதாக வந்தால் முதலில் அவரிடம்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். "இவருதான் அந்த டிரைவர்" என்பார்கள்.

ரெமி சோலாக் யார் என்று அந்த ஊரில் ஐம்பது வயது தாண்டிய யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் சிவப்புத் துணியும் கையில் பித்தளை விளக்குமாக ஆழ்கடலில் இறங்குகிற காமிக்ஸ் நாயகன். ஒவ்வொன்றும் ஒரு முழுக்கதைப் புத்தகமாகப் பதினெட்டு ஆல்பம் வந்திருந்தது. பத்தொன்பதாவது கதை சிறுவர் வார இதழில் ஓடிக்கொண்டிருந்தபோது, எழுதி வரைந்த எட்மோன் லாம்பினே இறந்துபோனார். கதை முப்பத்தோராம் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. மூழ்கிய கப்பலின் கிடங்கில் சோலாக் மாட்டிக்கொண்டிருக்கிறான். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. குழாயில் நான்கு நிமிஷத்துக்கு மட்டும் காற்று.

அந்த நான்கு நிமிஷத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும் என்பது வட்டத்தின் நம்பிக்கை. லாம்பினே சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒமேரின் பஸ்ஸில் ஏறினார், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார், மழை பெய்த அந்த மாலையில் கதையின் முடிவைச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். சோலாக்கின் பரம எதிரியான பரோன், யாரும் எதிர்பாராத நேரத்தில் கீழே வந்து கதவைத் திறக்கிறான். இருவரும் ஒரே காற்றுக்குழாயை மாற்றி மாற்றி வாயில் வைத்துக்கொண்டு மேலே வருகிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல் பிரிகிறார்கள். அவ்வளவுதான் முடிவு.

இதில் பஸ்ஸும் மழையும் மட்டும்தான் நிஜம்.

நடந்தது இது. 1986 அக்டோபர். ஒமேருக்கு அப்போது இருபத்தேழு வயது. பள்ளி விட்ட நேரம், பஸ் நிறையப் பிள்ளைகள், ஏற்கெனவே ஏழு நிமிஷம் தாமதம். ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஒரு கிழவர் ஏறினார். கயிறு போட்டுக் கட்டிய பெரிய அட்டைக் கோப்பு ஒன்று அவர் கையில். அது கதவில் இடித்தது, பிறகு ஒரு பெண்ணின் தோளில் இடித்தது.

"பெரியவரே, இத்தோட ஏற முடியாது. இறங்குங்க" என்றார் ஒமேர்.

"தம்பி, இது நனையக் கூடாது."

"அப்ப அதுக்கு ஒரு டாக்ஸி பிடிச்சுக் குடுங்க. எனக்கு நேரமாச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒமேருக்குப் பிடித்திருந்தது என்பதுதான் பின்னாளில் அவரால் பொறுக்க முடியாமல் போனது. கிழவர் இறங்கினார். பஸ் நகரும்போது ஒமேர் கண்ணாடியில் பார்த்தார். கிழவர் தன் கோட்டைக் கழற்றி அட்டையைப் போர்த்திக்கொண்டு, வெறும் சட்டையோடு நனைந்தபடி நின்றிருந்தார்.

அடுத்த பிப்ரவரியில் செய்தித்தாளில் மரணச் செய்தியோடு வந்த படத்தைப் பார்த்தபோதுதான் அது யார் என்று தெரிந்தது. ஏழு வயதிலிருந்து யாருடைய கையெழுத்தைப் பக்கத்தின் அடியில் தேடித் தேடிப் பார்த்தாரோ அந்த மனிதர். ஒமேர் அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று ஜோசியானிடம் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து வட்டம் தொடங்கியது. ஃபெர்னான் என்ற இறைச்சிக்கடைக்காரரும் அவருடைய தம்பி ஜூலும் சேர்ந்து தொடங்கியது. முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்களிடம் என்ன இருக்கிறது என்று சொன்னார்கள். ஃபெர்னானிடம் முதல் பதிப்புகள் எல்லாம் இருந்தன. பெர்னதெத் என்ற நூலகப் பெண்ணிடம் லாம்பினே கையெழுத்திட்ட ஓவியம் இருந்தது. ஒமேரிடம் மலிவுப் பதிப்புகள் மட்டும். முறை வந்தபோது, என்ன சொல்வது என்று தெரியாமல், "அவரு ஒருநாள் என் பஸ்ல ஏறினாரு" என்றார். அன்று முழு உண்மையையும் சொல்லி மனத்தைக் கழுவிக்கொள்ளத்தான் வாயைத் திறந்தார்.

"ஏறினாரா! யோவ், இதை இவ்வளவு நேரம் சொல்லாம உக்காந்திருக்கியே! பேசினாரா?" ஃபெர்னான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

எட்டு முகங்கள் தன்னையே பார்ப்பதை ஒமேர் பார்த்தார்.

"பேசினாரு" என்றார்.

பொய் அன்று ஒரு வரிதான். வருஷாவருஷம் அது வளர்ந்தது. பரோன் மூன்றாவது வருஷம் வந்தான், காற்றுக்குழாய் ஐந்தாவது வருஷம். சொல்லச் சொல்ல, தானே கேட்டதுபோல் லாம்பினேயின் குரல்கூட அவர் காதில் ஒலிக்கத் தொடங்கியது. 2009இல் ஜூல் புற்றுநோயில் படுத்தபோது, "டிரைவரை வரச் சொல்லு" என்று ஆளனுப்பினார். ஒமேர் மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து முடிவை மெதுவாகச் சொன்னார். ஜூல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எதிரிதான் வர்றானா... நல்லாருக்கு" என்றார். அடக்கத்தன்று ஃபெர்னான் அதை எல்லோர் முன்பும் சொல்லி அழுதார். ஒமேர் அன்று தேவாலயத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்து வீட்டுக்கு நடந்தே போனார்.

போன வருஷம் ஜனவரியில் செய்தி வந்தது. பிரஸ்ஸல்ஸ் பதிப்பகம் ஒன்று சோலாக்கைத் திரும்பக் கொண்டுவருகிறது. நின்றுபோன கதையை முடித்து, பிறகு புதுக் கதைகள். மாடியில் அந்தச் சனிக்கிழமை உட்கார இடமில்லை.

"சோலாக் கையில போனைக் குடுத்துட்டானுங்கன்னா நான் அப்பவே செத்தேன்" என்றார் ஃபெர்னான்.

"போன் குடுத்தா என்ன? தண்ணிக்குள்ள சிக்னலா கிடைக்கப் போகுது?" என்றாள் பெர்னதெத். "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அவன்கூடவே வர்ற அந்த டாக்டரம்மா பதினெட்டு ஆல்பமா 'ஐயோ ரெமி'ங்கிறதைத் தவிர வேற வார்த்தை பேசல. இந்தத் தடவையாவது அவளைப் பேச விடணும்."

"கழுத்துத்துணி சிவப்பாவே இருக்கணும். ஆரஞ்சு கிரஞ்சுன்னு எதையாவது போட்டா பிரஸ்ஸல்ஸுக்கே போயி கல்லெறிவேன்" என்றார் ஃபெர்னான்.

"நீ படியிறங்கவே கைப்பிடி தேடுற, கல்லெறியப் போறியாக்கும்!"

சிரிப்பு அடங்கியதும் ஃபெர்னான் ஒமேரின் தோளில் கை போட்டார். "எது எப்படிப் போனாலும் முடிவு நம்ம கையில இருக்கு. கதையை முடிக்கப்போற அந்த எழுத்துக்காரப் பொண்ணுக்குக் கடுதாசி போட்டாச்சு. அடுத்த மாசம் வர்றா. நீ சொல்லுற, அவ எழுதுறா."

ஒமேர் பீரைப் பாதியில் வைத்துவிட்டு அன்று முதல் ஆளாகக் கிளம்பினார்.

நொயெமி என்ற அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பணிவாகப் பேசினாள், ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தாள். வட்டம் முழுக்கப் பின்னால் நின்றது. ஒமேர் சொன்னார், எப்போதையும்விட நன்றாகவே சொன்னார். கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைவிட நல்ல முடிவை என்னால யோசிக்கவே முடியாதுங்க" என்றாள். அவருக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. வீடு போய்ச் சேருவதற்குள் அந்தப் பெருமையே வாந்தியாக வந்தது.

ஜோசியான் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள். "பொய்யின்னு சொல்லிடு" என்றாள்.

"உனக்கு எப்படி...?"

"சவரம் பண்ணும்போது உனக்கு நீயே சொல்லிப் பார்ப்பியே. வருஷத்துக்கு ஒரு மாதிரி மாத்துவ. முப்பது வருஷமா காது கேக்குது எனக்கு. கிழவனுங்க விளையாடுறீங்கன்னு விட்டுட்டேன். இப்ப அச்சாகப் போகுது ஒமேர்."

இரண்டு முறை நொயெமிக்குத் தொலைபேசியில் பேசினார். முதல் முறை பரோனின் தொப்பியைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்தார். இரண்டாம் முறை வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள். முதல் பக்கத்தில் அவர் பெயரைப் போடப் போகிறார்களாம். பக்கங்களைப் பார்க்க வரவேண்டுமாம்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ரயிலேறினார். பதிப்பகத்தின் நீண்ட மேசையில் பக்கங்கள் பரப்பியிருந்தன. கிடங்கின் கதவு திறக்கிறது, பரோனின் கை உள்ளே வருகிறது. அவருடைய பொய், மையும் வண்ணமுமாக, அவ்வளவு அழகாக அங்கே கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத்தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து ஒமேரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நான் எலேன். அவரோட மக" என்றார். "கடைசி வருஷம் அப்பா எங்க யார்கிட்டயும் பேசல. கதையைப் பத்திக் கேட்டா எரிஞ்சு விழுவாரு. யாருமே இல்லாம போயிட்டாரேன்னு இத்தனை வருஷமா மனசு அடிச்சுக்கிட்டே இருந்தது. உங்ககிட்டயாவது பேசியிருக்காரே. அது போதும் எனக்கு."

ஒமேர் கைகளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். எலேன் விடவில்லை.

"அவரு எங்கிட்ட ஒண்ணும் பேசலம்மா" என்றார் ஒமேர்.

"என்ன சொல்றீங்க?"

"இது நனையக் கூடாதுன்னாரு. அவ்வளவுதான். நான் அவரை பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டேன். மழையில. பெரிய அட்டை வச்சிருந்தாரு. பிள்ளைங்க சிரிச்சாங்க. மத்ததெல்லாம் நானா கட்டினது."

எலேனின் கைகள் தாமாக விலகின. "எந்த நிறுத்தம்?" என்று கேட்டார்.

"பாலத்துக்குப் பக்கத்துல."

"அங்கிருந்து எங்க வீடு மூணு கிலோமீட்டர்" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நொயெமி பக்கங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். அவரைப் பார்க்காமலே பேசினாள். "பிப்ரவரியில சொல்லியிருக்கலாம். தொப்பியைப் பத்திக் கேட்டீங்களே, அப்ப சொல்லியிருக்கலாம்."

"ஆமா" என்றார் ஒமேர்.

வட்டத்தில் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. ஜூன் முதல் சனிக்கிழமை, எல்லோரும் வந்த பிறகு எழுந்து நின்று சொன்னார். உட்கார்ந்து சொல்ல வரவில்லை. முதலில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. ஃபெர்னான் சிரிக்கவில்லை.

"ஜூல்கிட்ட சொன்னியே. அந்தக் கட்டில்ல. அதுவுமா?"

"அதுவும்தான்."

"அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன. நான் வாசல்ல நின்னு பார்த்துட்டிருந்தேன்." ஃபெர்னான் கோட்டை எடுத்தார். அதன் ஒரு கை மாட்டவே வரவில்லை. பெர்னதெத் உதவப்போனாள், அவளைத் தள்ளிவிட்டு அப்படியே படியிறங்கிப் போனார்.

ஆல்பம் நவம்பருக்குத் தள்ளிப்போனது. காரணம் பதிப்பகம் சொல்லவில்லை. வெளியூர் ரசிகர்கள் இணையத்தில் நொயெமியைத் திட்டி எழுதினார்கள், சோம்பேறி என்றுகூட. அவற்றை ஒமேர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தார். 'தாமதத்துக்கு நான்தான் காரணம்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். கிழட்டுக் கோமாளி, விளம்பரம் தேடுகிறான் என்று பதில் வந்தது. எலேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்து முறை கிழித்து ஆறாவதை அனுப்பினார். மூன்று வாரம் கழித்து அஞ்சலட்டை வந்தது. 'கடிதம் கிடைத்தது' என்று மட்டும் இருந்தது. கீழே கையெழுத்து.

நவம்பரில் ஆல்பத்தை மற்றவர்களைப்போலக் கடையில் வாங்கிச் சமையலறை மேசையில் படித்தார். பரோன் வரவே இல்லை. டாக்டரம்மாள் கப்பலின் பழைய வரைபடத்தைப் படித்து, மேல்தளத்திலிருந்து துளையிட்டுக் காற்றை இறக்குகிறாள். அவள்தான் பேசிக்கொண்டே இருக்கிறாள், சோலாக் கேட்கிறான். முதல் பக்கத்தில் எந்த நன்றியும் இல்லை. நல்ல முடிவுதான். தன்னுடையதைவிட நல்லது என்று ஒத்துக்கொள்ள ஒமேருக்கு ஒரு மாலை முழுக்கத் தேவைப்பட்டது.

டிசம்பர் கூட்டத்துக்கு ஜோசியான்தான் அவரைக் கிளப்பிவிட்டாள். "இனிமே உனக்கு இழக்க என்ன இருக்கு? போயி ஓரமா உக்காரு."

ஓரமாகவே உட்கார்ந்தார். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெர்னதெத் மட்டும் பொரித்த உருளைக்கிழங்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். ஃபெர்னான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் புது ஆல்பத்தைப் பற்றி. சோலாக் இதற்கு முன்பு ஒரு முறை டாக்டரம்மாளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறானா என்று ஒரு சண்டை வந்தது. உண்டு என்றார்கள் சிலர், இல்லவே இல்லை என்றார்கள் சிலர். குரல் ஏறியது. ஒமேருக்கு விடை தெரியும். தன் வாயிலிருந்து வருவதை இனி யார் நம்புவார்கள் என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபெர்னான் திரும்பாமலே கேட்டார்: "எந்த ஆல்பம்யா அது?"

யாரைக் கேட்கிறார் என்று புரிய ஒமேருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏழாவது" என்றார். "பன்னிரண்டாம் பக்கம்."

"யாராவது எடுத்துப் பாருங்க" என்றார் ஃபெர்னான்.

பெர்னதெத் அலமாரியிலிருந்து ஏழாவதை எடுத்துப் புரட்டினாள். சோலாக் மன்னிப்புக் கேட்பது பன்னிரண்டாம் பக்கத்தில்தான் இருந்தது. ஃபெர்னான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுக்கப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மற்றவர்களோடு பேசத் தொடங்கினார்.