ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிரம்புகிற கடை

விஜிலாவுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுகூட விளையாடத் தெரியாது. ஆனாலும் தூத்துக்குடியில் அவள் ஒரு கேமிங் சென்டரை ஒத்தையாளாக நடத்திக்கொண்டிருந்தாள். பத்து சிஸ்டம், பத்து சுழல் நாற்காலி, ஒரு ஏசி, சுவரில் பனிமய மாதா படம். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, இன்றைக்கு எந்த சிஸ்டம் செத்துக் கிடக்கிறது என்று பார்ப்பதுதான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கடை போட்டால் வேறென்ன நடக்கும்? உப்புக்காற்று உள்ளே புகுந்து இரும்பையும் செம்பையும் அரித்துத் தின்கிறது. மிச்சத்தைத் துறைமுகத்திலிருந்து வருகிற கரித்தூள் பார்த்துக்கொள்கிறது. ஆன் ஆகாத பெட்டியைத் திறந்து, ரேம் என்கிற மெமரிப் பட்டையை உருவி, மகள் பெல்லாவின் பென்சில் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து, வாயால் ஊதித் திரும்பச் செருகுவாள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வராவிட்டால் "கெட பேசாம" என்று மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவாள்.

கடை அவள் ஆசைப்பட்டு வைத்ததில்லை. அவள் புருஷன் கிளைட்டனின் ஆசை. கிளைட்டன் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். கலியாணத்துக்கு முந்தி அவனுடைய பொழுதெல்லாம் ஏதாவதொரு பிரவுசிங் சென்டரில்தான் போயிற்று. நாலு பேர் நாலு சிஸ்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தனை ஒருத்தன் சுட்டுத் தள்ளி, செத்தவனைக் கேலி பேசி, கடைக்காரர் விரட்டும் வரைக்கும் கிடந்த சுகம் மண்டைக்குள்ளேயே தங்கிப்போனது. அதனால்தான் கப்பலில் சம்பாதித்ததை இங்கே கொண்டுவந்து கொட்டினான். கொட்டியதோடு ஒரு வாக்கும் கொடுத்தான். "பத்துச் சேரும் நெறையட்டும் விஜி. அன்னைக்கே கப்பலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்டுக்கு வந்திருதேன்."

அவளுக்கு வேண்டியது அந்த வாக்குதான். பெல்லா ஏழாம் வகுப்பு போய்விட்டாள். அப்பா என்றால் அவளுக்குப் போனில் தெரிகிற ஒரு முகம். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, தண்ணீர் மோட்டார் ரிப்பேர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எல்லாவற்றையும் ஒத்தையில் பார்த்துப் பார்த்து விஜிலாவுக்கு அலுத்துவிட்டது. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டாலே எரிச்சல் வந்தது. ஊரே அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகச் சோறு தின்கிறது, அவளுக்கு மட்டும் அது ஆகாது.

கொஞ்ச காலம் கடை நிரம்பத்தான் செய்தது. பிறகு நல்ல நல்ல விளையாட்டெல்லாம் போனுக்குள் வந்துவிட்டன. கிளைட்டன் அதைக் கேட்டுச் சிரித்தான். "ரெண்டு பெருவெரலை வச்சுத் தடவுறது ஒரு வெளையாட்டா? காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிரும். கம்ப்யூட்டர்ல வெளையாண்ட கை அங்க நிக்காது" என்றான். காய்ச்சல் போகவில்லை. கம்ப்யூட்டரில் விளையாடிய கைதான் போய்விட்டது.

மிஞ்சியது ஒரே ஆள், தேவபிரசாதம் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிப்டு முடிந்தால் வந்து ஓர சிஸ்டத்தில் உட்கார்ந்து, ராஜ்ஜியம் கட்டுகிற விளையாட்டு ஒன்றைப் பொறுமையாக விளையாடுவார். நாலு வருசமாக அதே ராஜ்ஜியம்தான், இன்னும் கட்டி முடிந்த பாடில்லை.

"கம்ப்யூட்டர் வெளையாட்டு ஒண்ணும் சாகல விஜிலா" என்பார். "காசு உள்ளவன் நல்ல மிசினா வாங்கி வீட்லயே வச்சுக்கிட்டான். மில்லர்புரத்துல போயிப் பாரு, டிவிக்குக் கீழ கன்சோல் கெடக்கு, அப்பனும் மவனும் சோபால உக்காந்து பந்து ஒதைக்கான். காசு இல்லாதவன் கையில போன் இருக்கு. இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தன் இருந்தாம்லா, அவனை நம்பித்தான் உன் கடை. இப்ப அந்த நடுவுல ஆளே இல்ல."

"அப்ப நீங்க ஏம்ணே வாரீங்க?"

"வீட்ல வெளையாண்டா உங்க மைனி பிளக்கைப் புடுங்கிருதா."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடைக்கே வேறு முகம். இந்தக் கரையில் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும். காலைப் பூசை முடிந்ததோ இல்லையோ, போட்டில் வேலை பார்க்கிற இளவட்டங்கள் கும்பலாக வந்து பத்து நாற்காலியையும் பிடித்துக்கொள்வார்கள். விளையாடத்தான் வருகிறார்கள், ஆனால் அவனவன் போனில். வீட்டில் வெக்கை, நிம்மதியாக உட்கார இடம் கிடையாது. இங்கே ஏசி இருக்கிறது, வைஃபை இருக்கிறது, சாய்ந்துகொள்ள நாற்காலி இருக்கிறது. விஜிலாவும் சிஸ்டத்துக்குக் காசு வாங்குவதை விட்டுவிட்டு ஏசிக்கும் வைஃபைக்கும் வாங்க ஆரம்பித்தாள். வாடகைக்கு அது காணும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கப்பலிலும் ஞாயிறுதான் ஓய்வு. கிளைட்டன் வீடியோவில் கூப்பிடுவதும் அன்றைக்குத்தான். வினை அங்கேதான் பிடித்தது.

ஒரு ஞாயிறு, "கடையைக் காட்டு பாப்போம்" என்றான். அவள் நின்ற இடத்திலிருந்தே போனைத் திருப்பினாள். பத்து முதுகு, பத்துக் குனிந்த தலை. "ஏளா, நெறைஞ்சிருக்கே" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் சும்மா இருந்தாள் என்று சொல்லலாம். அடுத்த முறை அவன், "ஸ்கிரீனெல்லாம் ஏன் கருப்பா இருக்கு?" என்று கேட்டான். "கரண்டு இப்பதான் போயிட்டு வந்துச்சு" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஓடிவந்து பத்து சிஸ்டத்தையும் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டைத் திறந்து வைத்தாள். ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் ஒரு வீரன் துப்பாக்கியோடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஏதாவது ஒரு பட்டனை அமுக்கு என்று கீழே எழுத்து மின்னியது. எவனும் அமுக்கவில்லை.

இளவட்டங்களுக்கு விசயம் புரிய எத்தனை நேரம் ஆகும்? தருவைகுளத்திலிருந்து இங்கே போட்டு வேலைக்கு வந்திருந்த ஜெஸ்டின் என்பவன்தான் அதில் பெரிய சேட்டைக்காரன். "ஏலே, அண்ணன் கூப்பிடுத நேரம், போனை மடியில வச்சுட்டு மவுஸ்ல கையை வைங்கலே" என்பான். எல்லாரும் வைப்பார்கள். அழைப்பு முடிந்ததும் "அக்கா, கையை எடுக்கலாமா?" என்று ராகம் போட்டுக் கேட்பான். கடையே சிரிக்கும். விஜிலாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு மாதா படத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கல்லாவைத் துடைப்பாள்.

ஒருநாள் கிளைட்டன் சொன்னான்: "விஜி, இந்த காண்ட்ராக்டோட முடிச்சுக்கிடுதேன். அடுத்த கப்பலுக்கு வரமாட்டேன்னு ஏஜென்ட்கிட்ட சொல்லியாச்சு. அதான் கடை ஓடுதே. இனிமே நானும் கடையில உக்காந்திருவேன்."

எவ்வளவு காலமாக அவள் காத்துக்கிடந்த பேச்சு அது. சந்தோசத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது. அன்றைக்கு முழுக்க இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

"இப்பமே சொல்லிரு" என்றார் தேவபிரசாதம் அண்ணன். "கப்பல்ல இருக்கும்போதே சொல்லிட்டா, ஏஜென்ட்கிட்ட சொன்ன பேச்சை அவன் திரும்ப எடுத்துக்கிடலாம்லா."

அதுதான் அவளுடைய பயமே. மறுநாளே கூப்பிட்டாள். சொல்லத்தான் கூப்பிட்டாள். "என்னளா, வாரநாள்ல கூப்பிடுத? சும்மாவா?" என்றான். "சும்மாதான். மீன் விலையெல்லாம் ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஒரு புதன்கிழமை வந்து இறங்கினான். பெட்டியை வீட்டில் போட்ட கையோடு கடைக்கு வந்தான். தேவபிரசாதம் அண்ணன் மட்டும் ராஜ்ஜியம் கட்டிக்கொண்டிருந்தார். கிளைட்டனைக் கண்டதும், "அவசர வேலை இருக்கு" என்று பாதிக் கோட்டையில் எழுந்து போய்விட்டார். கிளைட்டன் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரநாள், எல்லாவனும் கடலில் இருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். விளையாட்டுப் படம் துல்லியமாகத் தெரிவதற்காகச் சிங்கப்பூரில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டை, சட்டைத் துணியில் சுற்றிப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்திருந்தான். நடு சிஸ்டத்தைத் திறந்து, துருவைச் சுரண்டி, அதை மாட்டினான். "ஞாயித்துக்கெழமை பாரு, இந்த சேருக்கு அடிபிடி நடக்கும்" என்றான். பெல்லா அன்று முழுக்க அப்பாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு திரிந்தாள். விஜிலா அதைப் பார்த்துப் பார்த்து மனதுக்குள் உடைந்தாள். சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சனிக்கிழமையும் கழிந்தது. ஞாயிறு பூசையில் அவள் மண்டியிட்டு என்ன வேண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பழக்கதோசத்தில் முன்னால் ஓடிவந்து பத்து சிஸ்டத்தையும் போட்டு வைத்தாள். கிளைட்டன் சொந்தக்காரர்களிடம் பேசிவிட்டு மெதுவாக வந்து, பின்னால் தண்ணீர் கேன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பையன்கள் வந்தார்கள். ஏசிக்கு நேராக இருக்கிற நாற்காலிக்குத்தான் அடிபிடி நடந்தது. பத்துத் தலையும் போனுக்குள் குனிந்தன.

சும்மா இரு என்று விஜிலா ஜெஸ்டினைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான், பாவி. அவன் கிளைட்டனை நேரில் பார்த்ததே கிடையாது. "ஏலே, மவுஸ்ல கையை வைங்க, அக்கா கண்ணைக் காட்டுதாவ" என்று சத்தம் கொடுத்தான். பத்துக் கையும் மவுசுக்குப் போயின. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "என்னக்கா, அண்ணன் இன்னைக்குக் கூப்பிடலையா? கையை எடுக்கலாமா?" என்றான்.

கிளைட்டன் முன்னால் நடந்து வந்தான். வரிசையாக ஒவ்வொரு ஸ்கிரீனையும் பார்த்தான். எல்லாவற்றிலும் அந்த வீரன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். புதுக் கார்டு போட்ட சிஸ்டத்தில் அவனுடைய மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கிளைட்டன் குனிந்து அதன் சுவிட்சை அணைத்தான். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பத்தையும் அணைத்தான். ஜெஸ்டினைத் தவிர ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு அங்கே எதுவும் நின்றுபோகவில்லை.

அவர்களெல்லாம் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகுதான் பேசினான்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "வந்திருக்க மாட்டேன்" என்றான். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம்.

"அதான் சொல்லல" என்றாள் விஜிலா. "கடை நெறைஞ்சா எனக்கென்ன, நெறையாட்டா எனக்கென்ன? எனக்கு நீங்க வேணும். வேற வழி தெரியல."

"கப்பல்லயும் மெஸ் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் கெடக்கு. ஒருத்தனும் தொடமாட்டான்" என்றான். "எல்லாவனும் அவனவன் கேபின்ல போனோட கெடப்பான். நானும் அப்படித்தான். ஒங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. இங்க மட்டும் எல்லாரும் கூடி உக்காந்து வெளையாடுதாங்கன்னு நெனைச்சேன். அந்த நெனைப்புலதான் அங்க நாளு போச்சு."

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பெல்லாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மீன்குழம்பு நல்லாயிருக்கு என்று அவன் இரண்டு தடவை சொன்னான். பெல்லா கையைக் கழுவப் போன நேரத்தில், "பிள்ளையப் படிக்க வைக்கணும்லா" என்றான். அவள் மிச்சமிருந்த மீன்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை கடையில் உட்கார்ந்துதான் ஏஜென்ட்டைக் கூப்பிட்டான். "ஆமா சார், மனசு மாறிட்டு. எந்தக் கப்பலா இருந்தாலும் சரி" என்றான். அந்தப் பக்கம் ஏதோ நல்ல பதில்தான் வந்திருக்க வேண்டும், நன்றி சொல்லிப் போனை வைத்தான்.

விஜிலா ஓர சிஸ்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். அலுப்புதான் வந்தது.

"இனிமே ஞாயித்துக்கெழம கூப்பிடாதீங்க" என்றாள். "செவ்வாக்கெழம கூப்பிடுங்க."

"செவ்வாக்கெழம கடையில யாரு இருப்பா?"

"நான் இருப்பேன்."