எங்கள் வீட்டு ஃபோன் எப்போதும் எங்கேஜ்

எண்பதுகளின் நடுவில், சிராங்கூனில் எங்கள் மூன்றறை வீட்டில் இருந்த ஒரே காற்றாடி மனிதர்களுக்காகச் சுற்றவில்லை, அண்ணனின் கம்ப்யூட்டருக்காகச் சுற்றியது. மேல்மூடி கழற்றிய அந்தப் பெட்டி சூடானால் நின்றுவிடுமாம். நாங்கள் வேர்த்து ஒழுகினால் பரவாயில்லை, நாங்கள் நின்றுவிட மாட்டோமே.

பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், கடை கடையாக அலைந்து பழைய பாகங்களை வாங்கி அதைத் தானே பூட்டியிருந்தான். அதோடு விட்டானா? மோடம் என்ற கறுப்புப் பெட்டியை இடையில் வைத்து எங்கள் ஃபோன் லைனையும் அதில் மாட்டினான். சிங்கப்பூரில் இவனைப் போல இன்னும் சில கிறுக்குகள் இருந்தன. அவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் எண்ணுக்கு அடிப்பார்கள். எங்கள் பெட்டி தானாகவே எடுக்கும். அதில் சேதி எழுதி வைப்பார்கள், மற்றவர் எழுதியதைப் படிப்பார்கள். ஒருவர் வைத்ததும் அடுத்தவர். விடுமுறையில் நாள் முழுக்க இதே கூத்து. தெரியாமல் ரிசீவரை எடுத்தால் காதைக் கிழிக்கும் கீச்சொலி வரும், அண்ணன் அறையிலிருந்து அலறுவான். முகம் தெரியாதவர்களெல்லாம் வந்து போகும் வீடு எங்களுடையது என்று எனக்கு ஒரே பெருமை.

அப்பா செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர். வேலை குறைந்துவிட்டது என்று அந்த வருஷம் ஆட்களை அனுப்பியபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். துவாஸில் ஒரு தொழிற்சாலைக்கு இன்டர்வியூ போய் வந்தார். வீட்டுக்கு ஃபோன் செய்கிறோம் என்றார்களாம். அன்றிலிருந்து ஃபோன் பக்கத்து நாற்காலியை விட்டு அசையவில்லை.

ஒரு சனிக்கிழமை மாதா கோயிலில் நொவேனா ஜெபத்தை முடித்த அம்மா, பொது ஃபோனிலிருந்து வீட்டுக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். எங்கேஜ். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"அந்த மனுஷன் ஃபோனுக்காகத் தவம் கிடக்கிறாரு. நீ கண்டவனுக்கெல்லாம் லைனைக் குடுத்துட்டு உக்காந்திருக்கே. கம்பெனிக்காரன் அடிச்சா எப்படிடா கிடைக்கும்?"

அண்ணன் எழுந்து கம்ப்யூட்டரை அணைத்தான். மோடத்தைக் கழற்றி, காலுக்குச் சப்பாத்து வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினான். காற்றாடி எங்கள் பக்கம் திரும்பியது.

"கூப்பிட்டிருப்பான், லைன் கிடைச்சிருக்காது லா. இனிமே கிடைக்கும்" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். ஃபோன் அடித்தது. எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்து, "குட் மார்னிங், சார்" என்றார். மறுமுனையில் பேச்சில்லை. "ஹலோ, சார்? சார்?" கொஞ்சம் பொறுத்து வைத்துவிட்ட சத்தம் மட்டும். மறுபடி அடித்தது, மறுபடி சார். அடித்ததெல்லாம் அண்ணனுடைய கூட்டாளிகளின் கம்ப்யூட்டர்கள். எங்கள் பெட்டி கீச்சிட்டால்தான் அவை வாயைத் திறக்கும். மனிதன் பேசினால் அவற்றுக்கு விளங்காது. அப்பா ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு எழுந்து நின்றுதான் எடுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கொஞ்ச நாளில் அதுவும் அடங்கிப்போனது. கூட்டாளிகள் வேறு வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். லைன் முழுக்க முழுக்க எங்களுக்கே. அப்பா இடையிடையே ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பார். வரும். வைத்துவிடுவார். அம்மா ஃபோன் இருக்கும் பக்கமே பார்ப்பதில்லை. வீடு செத்துக் கிடந்தது.

ஒரு பிற்பகல் அம்மா கடைக்குப் போயிருந்தபோது அப்பா அண்ணனைக் கூப்பிட்டார்.

"அதை மறுபடி மாட்டுப்பா."

அண்ணன் நம்பாமல் நின்றான். "அம்மா ஏசுவாங்க."

"நான் சொல்லிக்கிறேன். நீ மாட்டு."

கட்டிலுக்கடியிலிருந்து சப்பாத்துப் பெட்டியை இழுத்துக் கொடுத்ததே அப்பாதான். காற்றாடியையும் தூக்கிவந்து கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாலையில் திரும்பி வந்த அம்மா, ஃபோன் ஏதும் வந்ததா என்று கேட்டாள்.

"லைன் எங்கேஜா இருந்தா எப்படி வரும்?" என்றார் அப்பா.

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசவில்லை. அரிசி களையப் போய்விட்டாள்.

பள்ளி திறந்ததும், எங்கள் அப்பாவுக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வராத ஃபோனுக்கு ஒரு சாக்காவது வேண்டும், அதுவும் இல்லாமல் ஒரு மனிதனால் அந்த நாற்காலியில் உட்காரக்கூட முடியாது என்பதெல்லாம் பத்து வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?