வால் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்

ஒருவர் புதிதாக வாங்கிய சின்ன விமானத்தை, வாங்கிய இடத்திலிருந்து அவர் ஊருக்கு ஓட்டிவந்து சேர்ப்பது என் தொழில். பறப்பதில் பெரிய கஷ்டம் இல்லை. கிளம்புவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அடுத்தவர் பீரோவை மினி லாரியில் ஏற்றிப்போகும் அன்பர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

பஞ்சர்

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் தாமோதரன் அண்ணன், கர்நாடகத்தில் ஒருவரிடமிருந்து இரண்டு பேர் அமரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். காஞ்சிபுரத்துக்கு வெளியே நண்பரின் ஓடுதளத்தில் அதை நிறுத்த ஏற்பாடு. முதல் பயணத்தில் தானும் வருவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

இந்த ரகத்துக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் தாழ்ந்து கிடக்கும். அண்ணன் பெருமையாகப் போட்டோவைக் காட்டினார். அவர் மனைவி சரளா அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏங்க, பாத்து வாங்கக்கூடாதா? பின்சக்கரம் பஞ்சராகிக் கெடக்குது."

துணி

விமானத்தைப் பரிசோதிக்க இருவரும் போனோம். அதன் இறக்கை முழுக்கத் துணி. இழுத்துக் கட்டி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்காவது நைந்திருக்கிறதா என்று நான் தட்டித் தட்டிப் பார்த்தேன். அண்ணன் பின்னாலேயே வந்து, முந்தானையைத் தடவுகிற மாதிரி தடவினார். விற்றவர் கையைக் கட்டிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

"நெசவு கெட்டியாத்தான் இருக்குது. ஜரிகை ஒண்ணுதான் கொறை."

எடை

அங்கே ஓடுதளம் குட்டை, முடிவில் மரங்கள். பாரம் கூடினால் மரத்தைத் தாண்ட முடியாது. ஆகவே பின் இருக்கையில் உட்காரப்போகும் அண்ணனின் எடை எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு "எண்பது கிலோ" என்றார். மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. சரளா அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"எண்பதா? அது எங்க கல்யாணத்தப்போ தம்பி."

பெட்ரோலைக் குறைத்து, வழியில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பிக்கொள்வதாகத் திட்டத்தை மாற்றினேன்.

நல்ல நேரம்

கிளம்பும் நாள் காலையில் அண்ணன் காரில் வந்து இறங்கினார். டிக்கியில் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் கற்பூரம் வேண்டாம் என்று கெஞ்சினேன். பூசணிக்காய்ச் சிதறல் ப்ரொபெல்லரில் அடிக்கும் என்றதும் கேட்டுக்கு வெளியே போய் உடைத்துவிட்டு வந்தார். முன்சக்கரம் இரண்டுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வால் சக்கரத்துக்கு மட்டும் சின்னப் பழமாகப் பொறுக்கினார்.

அதற்குள் காற்று குறுக்கே அடிக்க ஆரம்பித்தது. வால் சக்கர விமானத்துக்கு அதுதான் எமன். ஓடும்போது வாலைத் தள்ளிவிட்டால் வண்டி தட்டாமாலை சுற்றி இறக்கையைத் தரையில் அடிக்கும். ஊரில் சொந்தக்காரர்கள் நாதஸ்வரத்தோடு காத்திருந்தார்கள். நல்ல நேரமோ முடியப்போகிறது. வேண்டாம் என்றால் அவர் மானம் போகும். பேசாமல் ஏறினால் இரண்டு பேர் உயிர் போகும். அவரோ இறக்கைக்குப் பொட்டு வைத்தார், பிறகு கதவுக்கு, பிறகு கதவின் கைப்பிடிக்கு.

"அண்ணா, இந்தக் காத்துல நான் எடுக்க மாட்டேன். இன்னைக்கு வேணாம்" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புல்லிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"அத்த மொதல்லயே சொல்லக்கூடாதாப்பா? அடுத்து எதுக்குப் பொட்டு வெக்கிறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருக்கேன்."

மறுநாள் காற்று அடங்கியபின் நான் தனியாக விமானத்திலும் அவர் நிம்மதியாகக் காரிலும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம், மாலை மட்டும் அவர் கழுத்தில் விழுந்தது.