‘இஸ்’ ‘ஆர்’ ஆன நிமிடம்

தில்லியில் ஓர் ஆங்கில நாளிதழில் பிரதி திருத்துவது என் வேலை. விழாவுக்குப் பலர் வருகிறார்கள் என்று தெரிந்தால் நிருபர்கள் ‘ஹூ ஆர் கமிங்’ என்று எழுதிவிடுவார்கள். நான் அதை ‘ஹூ இஸ் கமிங்’ என்று மாற்றுவேன். வருவது ஒருவரானாலும் ஊரே ஆனாலும், கேட்பவருக்குத் தெரியாதவரை வினைச்சொல் ஒருமைதான். கதவு தட்டும் சத்தம் கேட்டால் நாம் ‘யாரது’ என்கிறோமே, அதுபோல. எதிரில் இருப்பவர்களைச் சுட்டிக் கேட்கும்போதுதான் ‘ஹூ ஆர் தே’ என்று பன்மை வரும்.

சென்ற குளிர்காலத்தில் புசா ரோடு பக்கம் ஒரு ஸ்கேன் மையத்துக்கு மனைவியை அழைத்துச் சென்றேன். முந்தைய கர்ப்பத்தின்போது கருவில் இதயத் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த முறை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தோம்.

டாக்டர் ஒரு பஞ்சாபி அம்மாள். கருவியை வயிற்றில் வைத்து, குழந்தையிடம் பேசுவதுபோல், “ஹூ இஸ் இன் தேர்?” என்றார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். கருவி இடப்பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது.

“ஏங்க, ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாங்க?” என்றாள் மனைவி.

நான் திரையை எட்டிப் பார்க்க முயன்றேன்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “அச்சா ஜி, ஹூ ஆர் தீஸ்?”

எண்ணிக்கை எதையும் அவர் சொல்லவில்லை. திரையில் என் கண்ணுக்குச் சாம்பல் நிறம் மட்டுமே தெரிந்தது. அவ்வளவு பெரிய செய்தியை ஒரு வினைச்சொல் மட்டும் சுமந்து வந்திருந்தது.

“ஆர்னு சொன்னாங்க,” என்றேன்.

“என்னது?”

“முதல்ல இஸ். இப்ப ஆர்.”

“இங்க வந்துமா திருத்தறீங்க?”

“ரெண்டு குழந்தைம்மா.”

அவள் சிரிக்கவில்லை. “துடிக்குதான்னு கேளுங்க.”

நான் கேட்பதற்குள் டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். அச்சு இயந்திரம் முழு வேகத்தில் ஓடுவதுபோல் ஒரு சத்தம் அறையை நிறைத்தது. “ஏக்,” என்று ஒன்றை எண்ணினார். கருவி நகர்ந்தது. வெறும் இரைச்சல். மனைவி என் விரலை இறுக்கிப் பிடித்தாள். இரைச்சல் நீண்டுகொண்டே போனது.

பிறகு இரண்டாவது துடிப்பு கேட்டது. முதலாவதைவிடச் சற்று வேகமாக, அதன் தாளத்தோடு சேராமல், தன்பாட்டுக்கு.