கண்ணாடியில் கவிழ்த்த படம்

“ஊரை விட்டு வெளிக்கிடுற நேரம் முதல்ல காணி உறுதியை எடு, பிறகு…” என்று என் பெரியவாப்பா அடிக்கடி சொல்லுவார். பிறகு எதை எடுக்கச் சொன்னார் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரை விட்டு வந்த எங்களுக்கு இரண்டாவதாக எதையும் எடுக்க நேரம் இருக்கவில்லை.

மற்றவர்களின் வீட்டுப் படங்களையும் கடதாசிகளையும் ஸ்கேன் செய்து பாதுகாத்துக் கொடுப்பது என் தொழில். இதில் முதலில் தொலைவது தொழில் செய்பவனின் நிம்மதி. தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடித்த படிப்போடு வளைகுடாவுக்குப் போய், ஒரு கம்பனியின் கோப்பு அறையில் இருபது வருடம் இருந்தேன். திரும்பி வந்து புத்தளத்துக்கு அருகே மதுரங்குளியில் ஒரு சின்ன அறை எடுத்தேன். ஃபோனில் இடமில்லை என்ற அறிவிப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே காலம் கழிக்கும் உங்களுக்கு என் பாடு விளங்கும்.

பாதிப் படம்

கரைத்தீவிலிருந்து ஸுஹைரா ராத்தா வந்தார். அறுபது வயதிருக்கும். லேஞ்சித் துணியில் சுற்றி ஒரு கல்யாணப் படம் கொண்டுவந்திருந்தார். கணவர் கல்யாணமான அடுத்த வருடமே கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவர் முகம் இருக்கும் ஒரே படம் அதுதான். ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது.

ஸ்கேனரின் கண்ணாடியில் படத்தைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்து வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ராத்தா நினைத்திருக்கிறார். திரையில் தெரியும் என்றதும் படத்தை வெடுக்கென்று எடுத்து, மணப்பெண் இருந்த பக்கத்தை ஒரு கடதாசியால் மூடி, தானே மறுபடி கவிழ்த்து வைத்தார். “பொம்பளை இல்லாம என்ன கல்யாணப் படம், ராத்தா?” என்று கேட்டேன்.

“அவரை மட்டும் ஏத்துங்க தம்பி. நான் உசிரோடதானே இருக்கிறன்.”

காப்பாற்றிய குற்றம்

ஆலங்குடாவிலிருந்து, காக்கா என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் பெரியவர் ஒருவர் தன் காணி உறுதியோடு, அதாவது நிலப் பத்திரத்தோடு வந்தார். கறையானுக்குப் பயந்து அதை எப்போதோ லெமினேட் பண்ணிவைத்திருந்தார். சூட்டில் முத்திரை மங்கிவிட்டது. காணிப் பதிவுக் கந்தோரில் இதை ஏற்கமுடியாது என்று சிங்களத்தில் கடிதம் கொடுத்திருந்தார்கள். வாசித்துத் தமிழில் சொன்னேன். பிளாஸ்டிக்கை உரிக்கமுடியுமா என்று கேட்டார். உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும் என்றேன். உறுதியை மடிக்கப் பார்த்தார், அது மடியவில்லை.

“இருவது வருசமாக் காப்பாத்தினன். இப்ப காப்பாத்தினதுதான் குத்தமாம்.”

மலக்குமார்

இரண்டு மாதம் கழித்து ஸுஹைரா ராத்தா ஒரு பார்சல் வட்டிலாப்பத்தோடு வந்தார். நான் அவருக்கு ஒரு பென்டிரைவில் படத்தைக் கொடுத்திருந்தேன். இன்னொரு பிரதி என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அந்தத் தைரியத்தில் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். படம் இருக்கும் வீட்டுக்கு மலக்குமார் என்ற வானவர்கள் வரமாட்டார்கள் என்ற பயத்தோடு, அத்தனை வருடமும் அதை அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாராம். ஒவ்வொரு தொழுகையிலும் அது உறுத்திக்கொண்டே இருந்ததாம். அவர் சொன்னதைக் கேட்டு நான் பதறியிருக்கவேண்டும். ஆனால் என் தொழிலை ஒருவர் இவ்வளவு நம்புகிறாரே என்று பெருமைதான் பட்டேன்.

“இனி உங்கட்ட பத்திரமா இருக்குத்தானே தம்பி. பிஸ்மி சொல்லி எரிச்சிட்டன்.”

பக்கத்துக் கடை

போன மழைக்கு விழுந்த இடியில் என் ஹார்ட் டிஸ்க் செத்தது. இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், அவற்றை இரண்டு வீட்டில் வையுங்கள் என்று ஊருக்கே புத்தி சொன்ன நான் ஒன்றில்தான் வைத்திருந்தேன். பக்கத்தில் ஃபோன் திருத்தும் ரஞ்சித் அதைக் கழற்றிப் பார்த்தான். எல்லோரிடமும் பென்டிரைவ் இருக்கிறதுதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். சிலாபத்துச் சிங்களவனான அவன் தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னான்.

“ஐயே, இது இனி பில் கடதாசி பறக்காம அதுக்கு மேல வைக்கத்தான் சரி.”

ராத்தாவின் கேள்வி

அடுத்த கிழமை ஸுஹைரா ராத்தா பென்டிரைவோடு வந்தார். த்ரீவீல் ஓட்டும் அவருடைய தங்கச்சி மகன், மார்க்கச் சொற்பொழிவான பயான் கேட்பதற்காக அதில் இருந்ததை அழித்துவிட்டு முப்பது பயான் ஏற்றியிருந்தான். “அவனுக்கு நல்லா ஏசினன். பிறகு, தம்பிட்ட இருக்கே எண்டு விட்டுட்டன்” என்றார் சிரித்துக்கொண்டே. பென்டிரைவில் எதையாவது மீட்கமுடியுமா என்று ரஞ்சித்தும் நானும் பகல் முழுக்கப் பார்த்தோம். பயான்தான் வந்தது.

இடி விழுந்ததைச் சொன்னேன். ராத்தா ஏசவில்லை. கதிரையில் இருந்தபடி லேஞ்சியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

“நீங்க பெரிசாக்கிப் பார்த்தீங்கதானே தம்பி? அவருட நாடியில ஒரு மச்சம். இடப் பக்கமா, வலப் பக்கமா? நேத்துல இருந்து எனக்குத் தடுமாறுது.”

பெரிதாக்கித்தான் பார்த்தேன். பூச்சி அரித்த ஓரத்தைச் சரிசெய்தேன், கறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைத்தவற்றில் அந்த மச்சமும் இருந்ததோ என்னவோ. ஊரில் பாதிப் பேரின் முகங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பிழைத்தவனுக்கு ஒரு முகமும் மனதில் நிற்கவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட மிச்சம்.

“இடப் பக்கம், ராத்தா” என்றேன்.